திரையில் ஓடினால் வயிறு ஏன் புரள்கிறது?

பர்மாவில் பெகுவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 36. தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவர். பஸ்ஸிலோ படகிலோ இதுவரை தலை சுற்றியதே இல்லையாம். ஒன்பது வயது மகனோடு மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை ஆட உட்கார்ந்தால் மட்டும் பத்தாவது நிமிடத்தில் வாயில் எச்சில் ஊறுகிறது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, அப்புறம் வயிற்றுப் புரட்டல். போன வாரம் வாந்தியே எடுத்துவிட்டார். அதே கணினியில் ஃபுட்பால் விளையாட்டு ஆடினால் ஒன்றும் ஆவதில்லை. மகனுக்கு எதிலும் ஒன்றும் ஆவதில்லை. மாமியார் பித்தம் என்கிறார், நண்பர் கண்ணாடியை மாற்றச் சொல்கிறார். "ஏதாவது மாத்திரை சொல்லுங்கள் டாக்டர், போட்டுக்கொண்டு விடாமல் ஆடினால் பழகிவிடுமா?" என்று முடித்திருக்கிறார்.

இதில் கேள்வி இரண்டு இருக்கிறது. ஒன்றை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை: என் தலைக்குள் ஏதாவது கோளாறா? மற்றது: மகன் கூப்பிடும்போது எழுந்து ஓடாமல் அவன் பக்கத்தில் உட்கார வழி உண்டா? நான் ரங்கூனில் இருபத்திரண்டு வருடமாகக் காது மூக்கு தொண்டை வைத்தியம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கிறுகிறுப்பு என்றுதான் வருகிறார்கள். கணினி விளையாட்டில் வரும் குமட்டலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் கொஞ்சம் படிப்பில் வந்தது. மீதி, அக்கா மகனின் அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே குமட்டிக் கற்றுக்கொண்டது. உங்களை நேரில் பார்க்காமல், காதைச் சோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் கோளாறு எதுவும் தெரியவில்லை. சொல்லப்போனால் உங்கள் உள்காது நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. இரண்டாவதற்கு: வழி உண்டு, ஆனால் அது மாத்திரை வழியும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடும் வழியும் இல்லை.

ரங்கூன் பெரிய ஸ்டேஷனில் சர்க்கிள் ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கிற ரயில் நகர்கிறது. நம் ரயில்தான் புறப்பட்டது என்று ஒரு நொடி ஏமாந்து போவோம். எதிர்ப்பக்க ஜன்னலில் பிளாட்ஃபாரத் தூண் அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் தெளிந்துவிடும். கண் பார்வையில் பெரும்பகுதி ஒரே திசையில் நகர்ந்தால், நகர்வது உலகம் இல்லை, நாம்தான் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. வாழ்க்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது சரியான முடிவுதான். திரைக்கு முன்னால்தான் அது தப்பாகிறது.

காதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒலி கேட்கிற நத்தைக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கின்றன. உள்ளே நீர். தலையைத் திருப்பினால் குழாய் உடனே திரும்புகிறது, நீர் ஒரு கணம் பின்தங்குகிறது. தண்ணீர்க் குடத்தைச் சட்டென்று திருகினால் உள்ளே தண்ணீர் அசமந்தமாக நிற்குமே, அதே கதைதான். அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. இவை தவிர இரண்டு சிறு பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நம் ஊர்க் கூன்யா வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புக்குத் தூரத்துச் சொந்தம். நேர்க்கோட்டில் முன்னே போவதையும், எது மேல் எது கீழ் என்பதையும் அந்தத் துகள்களின் எடைதான் சொல்கிறது.

மைன்கிராஃப்டில் நீங்கள் ஓடும்போது கண் சொல்கிறது: ஓடுகிறாய், இடது பக்கம் திரும்பினாய், பள்ளத்தில் விழுந்தாய். காது சொல்கிறது: இல்லையே, நாற்காலியில்தானே இருக்கிறாய். பஸ்ஸில் குனிந்து ஃபோன் பார்க்கிறவனுக்கு இது தலைகீழ். அங்கே காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணுக்கு முன்னால் எழுத்து அசையாமல் நிற்கிறது. எந்தப் பக்கமானாலும் இரண்டு சாட்சிகள் முரண்படுகிறார்கள். இந்த முரண்பாட்டு விளக்கத்தை ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் 1970களில் விரிவாக எழுதி வைத்தார். அதில் ஒரு முக்கியத் திருத்தமும் உண்டு. கண்ணும் காதும் மோதுவது மட்டும் போதாது, மூளை தன் பழைய அனுபவத்திலிருந்து எதிர்பார்த்ததோடும் அது மோத வேண்டும். இந்த எதிர்பார்ப்பைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

காதுதான் இதன் மையம் என்பதில் சந்தேகம் கிடையாது. உள்காதின் சமநிலைப் பகுதி இரண்டு பக்கமும் செயலிழந்தவர்களை வட அட்லாண்டிக் புயலில் கப்பலில் கூட்டிப்போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 1968இல் வெளிவந்தது. கூடப் போன மற்றவர்கள் வாந்தியெடுத்துத் துவண்டுபோனார்கள், இவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிற்பாடு வெறும் காட்சியை மட்டும் சுழற்றிக் காட்டியபோதும் இப்படிப்பட்டவர்களுக்குக் குமட்டல் வரவில்லை. அதாவது திரையைப் பார்த்து வரும் குமட்டலுக்குக்கூட உயிருள்ள காது தேவை. மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், பித்தப்பைக்கு இதில் பங்கில்லை. கண்ணாடி விஷயத்தில் நண்பர் சொன்னது முழுத் தப்பு இல்லை. கண்ணாடிப் பவர் பொருந்தாமல் இருந்தாலோ, புதிதாக இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டிருந்தாலோ கண் வலியும் தலைவலியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் கண்ணாடிதான் காரணம் என்றால் ஃபுட்பால் ஆடும்போதும் வந்திருக்க வேண்டுமே.

அந்த ஃபுட்பால் ஒன்றிலேயே பாதி நோய்க்குறிப்பு கிடைத்துவிட்டது. ஃபுட்பால் விளையாட்டில் கேமரா மைதானத்து மேல் மாடியில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பார்வையாளர், ஓடுவது யாரோ. மைன்கிராஃப்டில் கேமரா உங்கள் கண் குழியிலேயே இருக்கிறது. திரும்பினால் முழு உலகமும் திரும்புகிறது. போதாதற்கு ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் காட்சி மேலும் கீழும் தளும்புகிறது. நிஜமாக நடக்கும்போதும் தலை தளும்பத்தான் செய்கிறது, ஆனால் காது அதைப் பிடித்துச் சில மில்லி நொடிக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவதால் உலகம் நிலையாகத் தெரிகிறது. திரைத் தளும்பலுக்குக் காது உதவிக்கு வராது. விளையாட்டு செய்தவர்கள் "இயற்கையாக இருக்கட்டும்" என்று சேர்த்த அலங்காரம் உண்மையில் இயற்கைக்கு நேர் எதிரானது.

சரி, மகனுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? இதற்கு நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். சைத்தியோ பொற்பாறைக்குப் போகிறவர்கள் கின்புன்னில் இறங்கித் திறந்த லாரியில் ஏறி மலையேறுவார்கள். வரிசை வரிசையாகப் பலகை, முழங்கால் முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கும், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் பையைத் தேடுவார். அந்த லாரியைப் பல வருடம் ஓட்டிய ஒருவர் என்னிடம் வந்தார். மலையில் ஒரு நாளும் அவருக்குக் குமட்டியது கிடையாது. பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கார் ரேஸ் ஆடுவதைப் பார்த்ததில் வாந்தி எடுத்துவிட்டார். "நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் ஐயா நான், பொம்மைக் காரில் தோற்றுவிட்டேன்" என்று வெட்கப்பட்டார். லாரியில் அவர் ஓட்டுநர். அடுத்த வளைவு எப்போது, எந்தப் பக்கம் என்று அவர் கைக்குத் தெரியும், மூளை முன்கூட்டியே தயாராகிவிடும். பேரனிடம் அவர் பயணி. காதும் உதவவில்லை, கையும் உதவவில்லை. அவருக்கு நான் மருந்து எதுவும் எழுதவில்லை. பேரனிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கி நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். அடுத்த முறை வந்தபோது அவருடைய குறை வேறாக இருந்தது, பேரன் திருப்பிக் கேட்கிறானாம்.

ஆகவே உங்களிடமும் கேட்கிறேன், மௌஸ் யார் கையில்? நீங்கள் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவரா, ஆடுகிறவரா? திரையை ஓட்டுகிறவரைவிடச் சும்மா பார்க்கிறவருக்குக் குமட்டல் கூடுதல் என்பது சோதித்துப் பார்த்த விஷயம்.

ஓட்டுநருக்கே குமட்டியதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டப் பழக்குகிற சிமுலேட்டர் வந்தபோது, புதிதாகக் கற்க வந்தவர்களைவிட அனுபவம் வாய்ந்த விமானிகளுக்கே அதிகம் குமட்டியது. நிஜ ஹெலிகாப்டர் எப்படி அசையும் என்று உடம்பில் ஊறியவர்களுக்கு, அசையாத ஹெலிகாப்டர் ஏமாற்றமாகத் தெரிந்திருக்க வேண்டும். ரீசன் சொன்ன எதிர்பார்ப்பு இங்கேதான் வருகிறது. தினமும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உங்கள் உடம்பும், வளைவு என்றால் சாய வேண்டும் என்று கற்று வைத்திருக்கிறது. மகனோ திரையில் ஓடுவதையும் தெருவில் ஓடுவதையும் ஒரே வயதில் கற்றவன். ஆனால் இது என் ஊகம்தான். வண்டிப் பயணத்தில் ஒன்பது பத்து வயதில்தான் குமட்டல் உச்சத்தில் இருக்கும், எனவே "சின்னப் பிள்ளைகளுக்கு வராது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகன் பழகிவிட்டான், அவ்வளவுதான். பரம்பரையும் ஒரு காரணம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது பல மடங்கு எளிதாக வருகிறது, பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாக வருகிறது. உங்களுக்கு வெளிச்சம் கண்டால் கூசும் தலைவலி வருவதுண்டா என்று எழுதியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

முரண்பாடு இருக்கட்டும், அதற்கு எதற்காக வாந்தி வர வேண்டும்? எந்த வைத்தியரும் இங்கே உறுதியாகப் பேச முடியாது. கண்ணும் காதும் ஒத்துப்போகாவிட்டால், விஷம் எதையோ தின்றுவிட்டோம் என்று உடம்பு பயந்து வயிற்றைக் காலி செய்கிறது என்று ட்ரீஸ்மன் என்பவர் 1977இல் ஒரு கருத்து சொன்னார். கேட்க அழகாக இருக்கிறது, மாணவர்களுக்கு நானும் சொல்வேன், ஆனால் நிரூபிப்பது கடினம். 1991இல் ரிச்சியோ, ஸ்டாஃப்ரெகன் என்ற இருவர் வேறு பாதையில் போனார்கள். முரண்பாடு காரணமே இல்லை, உடம்பு நிலையாக நிற்கும் வழியை இழப்பதுதான் காரணம் என்றார்கள். பிற்பாடு குமட்டப்போகிறவர்களின் உடம்பு அதற்கு முன்பே வேறு மாதிரி ஆடுகிறது என்பதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். அக்கா மகன் ஆடும்போது நான் கவனித்திருக்கிறேன், திரையில் வளைவு வந்தால் அவன் தோளும் சாய்கிறது. எனக்கு முரண்பாட்டு விளக்கம்தான் பெரிதும் சரியாகப் படுகிறது, ஆனால் தலையையும் முதுகையும் நாற்காலியில் நன்றாகச் சாய்த்து உட்காரச் சொல்வது இந்த இரண்டாவது கட்சிக்காரர்களிடம் வாங்கிய யோசனை.

இனி செய்ய வேண்டியது. மைன்கிராஃப்டின் கணினிப் பதிப்பில், ஜாவா பதிப்பு என்பார்கள், அமைப்புகளுக்குள் போய் முதலில் வியூ பாபிங் என்பதை அணைத்துவிடுங்கள். நடைத் தளும்பல் நின்றுவிடும். என்னைக் கேட்டால் இந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. அடுத்து எஃப்ஓவி எஃபெக்ட்ஸ், டிஸ்டார்ஷன் எஃபெக்ட்ஸ் இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். வேகமாக ஓடும்போது காட்சி ரப்பர் மாதிரி இழுபடுவதும், நெதர் என்ற வேற்றுலகத்துக்குப் போகும் வாசலில் நிற்கும்போது உலகம் குழம்புவதும் இவற்றால்தான். இந்த விளையாட்டில் குமட்டல் என்ற பெயரிலேயே ஒரு விளைவு உண்டு, விஷ மீனைத் தின்றால் திரை ஆடும். செய்தவர்களுக்கு நம் கஷ்டம் தெரிந்தே இருக்கிறது! அடிபடும்போது திரை சாய்வதையும் டேமேஜ் டில்ட் என்ற இடத்தில் குறைக்கலாம். மற்ற விளையாட்டுகளில் மோஷன் பிளர், கேமரா ஷேக் என்று இருந்தால் அவற்றையும் யோசிக்காமல் அணையுங்கள்.

பார்வைக் கோணம், அதாவது எஃப்ஓவி, கொஞ்சம் சிக்கலானது. இணையத்தில் எல்லோரும் "கூட்டு, கூட்டு" என்பார்கள். எந்தக் கோணத்தைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 24 அங்குலத் திரையை 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது உங்கள் பார்வையில் அகலவாக்கில் ஏறத்தாழ 48 டிகிரிதான் பிடிக்கும். அதே 60 சென்டிமீட்டரில் விளையாட்டு மிகக் குறுகிய கோணத்தைக் காட்டினால், குழாய் வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும், லேசாகத் திரும்பினாலும் எல்லாம் சரசரவென்று பறக்கும். 2004இல் வந்த ஹாஃப் லைஃப் 2 ஆடிப் பலர் குமட்டியதற்கு அதன் 75 டிகிரியைத்தான் குற்றம் சொன்னார்கள். அப்படிப்பட்ட விளையாட்டில் 90க்கு ஏற்றினால் பலருக்கு நிம்மதி கிடைக்கிறது. மைன்கிராஃப்டில் இருக்கிற 70 உயரவாக்கில் அளந்தது. அகலத் திரையில் பக்கவாட்டில் அது ஏற்கனவே நூறு டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேலும் கூட்டினால் ஓரங்கள் வேகமாக ஓடி, சிலருக்கு நிலைமை மோசமாகும். ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம் இது. எழுபதில் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஐந்து ஐந்தாக மாற்றிப் பாருங்கள், ஒரே நாளில் பத்து விஷயத்தை மாற்றாதீர்கள். எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

திரையைத் தள்ளி வைப்பது செலவில்லாத வைத்தியம். பார்வையில் திரை எடுத்துக்கொள்ளும் இடம் சிறுத்து, அசையாத சுவரும் மேசையும் கூடுதலாகத் தெரியும், சர்க்கிள் ரயில் ஜன்னலில் பார்த்த பிளாட்ஃபாரத் தூண் மாதிரி. அறையில் விளக்கு எரியட்டும். நம் ஊரில் மின்சாரம் முறைவைத்து வருகிறது, கரண்ட் போனதும் பேட்டரியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில், விசிறி இல்லாமல், புழுக்கத்தில் ஆடுவார்கள். குமட்டலை வரவழைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. முகத்தில் காற்றுப் படுவது உண்மையிலேயே உதவுகிறது என்பதற்குச் சோதனை ஆதாரமும் கொஞ்சம் இருக்கிறது. கணினி பழையதாக இருந்து காட்சி விக்கி விக்கி ஓடினால் அதுவும் கெடுதல்தான். எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்ற அமைப்பைக் குறைத்தாவது ஓட்டத்தைச் சீராக்குங்கள். மௌஸின் வேகத்தையும் இறக்குங்கள், பிள்ளைகள் அதை வெறிபிடித்த வேகத்தில் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, வேடிக்கையாகத் தெரியும். 2008இல் வந்த மிரர்ஸ் எட்ஜ் என்ற விளையாட்டில் ஆள் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவுவாள், குமட்டலைக் குறைக்கத் திரை நடுவில் ஒரு சிறு புள்ளியை வைத்தார்கள். பாலே நடனத்தில் சுழலும்போது ஓரிடத்தில் கண்ணை நிறுத்துவது போன்ற தந்திரம். அதைப் படித்த அன்று அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து மிளகளவு கறுப்புப் பொட்டு ஒன்றை எடுத்து அவள் மகனின் திரை நடுவில் ஒட்டினேன். எனக்குக் குமட்டல் வரப் பன்னிரண்டு நிமிடம் என்பது இருபதானது. பொட்டால் ஆனதா, அன்றைக்கு விசிறி ஓடியதால் ஆனதா, சத்தியம் செய்ய மாட்டேன். அக்கா திரையைப் பார்த்து, "இதுக்கும் நெத்தியில வெச்சாச்சா" என்றாள். மைன்கிராஃப்டில் நடுவில் சிலுவைக் குறி ஏற்கனவே இருக்கிறது. திரும்பும்போது ஓரங்களைப் பார்க்காமல் அதையே பாருங்கள், பொட்டு தேவைப்படாது.

பழகிவிடுமா என்று கேட்டீர்கள். பழகும், பெரும்பாலானவர்களுக்கு. ஆனால் விடாமல் ஆடினால் அல்ல, விட்டு விட்டு ஆடினால். வாந்தி கடைசி ஸ்டேஷன். அதற்கு முன்பே கொட்டாவி, எச்சில் ஊறல், முகம் சூடாதல், காரணமில்லாத தூக்கக் கலக்கம், ஓர் ஏப்பம் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் வரும். முதலாவதிலேயே இறங்கிவிட வேண்டும். இறங்கி, ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பாருங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். முழுக்கத் தெளியும்வரை திரும்ப உட்காராதீர்கள், அன்றைக்கு அத்தோடு விட்டால் இன்னும் நல்லது. முதல் வாரம் தினம் ஐந்து நிமிடம், குமட்டல் இல்லாமல் எழுந்தால் மறுநாள் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டால் கொஞ்சம் பின்னால் போவீர்கள், அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் நேர்மாறாக நடக்கும். கெட்டுப்போன மீனில் செய்த மொஹிங்கா சாப்பிட்டு ஒரு தடவை வாந்தி எடுத்தவருக்கு, அடுத்த மாதம் தெருமுனைக் கடையின் வாசனையே போதும். அதேபோல விளையாட்டின் தொடக்க இசையைக் கேட்டதும் குமட்டுகிறது என்று வந்த கல்லூரிப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். மூளை எதைப் பழகுகிறது என்பது நீங்கள் எந்த நேரத்தில் எழுந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாத்திரைக்கு வருகிறேன். சின்னரிஸின், ப்ரோமெத்தஸின், டைமென்ஹைட்ரினேட் எல்லாம் பயணக் குமட்டலுக்கு வேலை செய்கிறவை, குமட்டல் வருவதற்கு முன்பே போட்டால். ஹையோசின் பிளாஸ்டரைக் காதுக்குப் பின்னால் ஒட்டினால் மூன்று நாள் தாங்கும். ஆனால் இவை எல்லாமே தூக்கத்தையோ வாய் வறட்சியையோ கொடுப்பவை. நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், மகனோடு அரை மணி நேரம் விளையாட அந்த ஆபத்தை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களும் புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் ஹையோசின் பக்கமே போகக்கூடாது. சின்னரிஸினை மருந்துக் கடையில் சும்மா வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வந்து பார்த்திருக்கிறேன், பார்க்கின்ஸன் நோய் மாதிரியே இருக்கும். வீட்டில் சளிக்கு வைத்திருக்கும் செடிரிஸின் இதற்கு உதவாது. வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரானும் இந்த வகைக் குமட்டலைத் தடுப்பதில்லை. நீண்ட கப்பல் பயணத்துக்கு ஒருவர் கேட்டால் மாத்திரை எழுதுவேன். விளையாட்டுக்கு எழுதியதில்லை.

இஞ்சி பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஆதாரம் கலவையாக இருக்கிறது, சில சோதனைகளில் உதவியது, சிலவற்றில் இல்லை. அத்தோ நூடுல்ஸுக்குத் தம்பி மாதிரி பர்மியர் இஞ்சியில் ஒரு கலவை செய்வார்களே, வறுத்த பருப்பும் எள்ளும் போட்டு, அதைச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், கெடுதல் இல்லை, ருசியும் உண்டு. எலுமிச்சம்பழத்தை முகர்வதும் அப்படித்தான். மணிக்கட்டில் கட்டும் அழுத்தப் பட்டைக்குக் காசு செலவழிக்காதீர்கள் என்பேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஆட வேண்டாம், வெறும் வயிற்றோடும் வேண்டாம்.

தலையில் மாட்டும் விஆர் கருவி வாங்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அங்கே அசையாத சுவரும் மேசையும் கண்ணில் படாது, தலையைத் திருப்பி 20 மில்லி நொடிக்குள் காட்சி மாறாவிட்டால் பலருக்கு ஏமாற்றம் தெரிந்துவிடும். 2015இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் விஆர் காட்சியின் அடியில் ஒரு மூக்கை வரைந்து வைத்தார்கள், ஆடியவர்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள், மூக்கு இருந்ததைப் பலர் கவனிக்கவே இல்லை. நண்பர் வீட்டில் போட்டுப் பார்த்தால், கழற்றிய உடனே மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள்.

எப்போது நேரில் வைத்தியரைப் பார்க்க வேண்டும்? திரை இல்லாத நேரத்திலும் சுற்றல் வந்தால். படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றால், அது அந்தச் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிக் குழாய்க்குள் போன கதையாக இருக்கலாம், தலையைச் சில நிலைகளில் திருப்பிப் பெரும்பாலும் ஓரிரு தடவையில் சரி செய்துவிடலாம். ஒரு காது மட்டும் மந்தமாகி இரைச்சலோடு சுற்றல் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தில் வலிப்பு வருவது முற்றிலும் வேறு நோய். ஜப்பானில் 1997 டிசம்பரில் ஒரு போகிமான் டிவித் தொடரின் சிவப்பு நீல மின்னலைப் பார்த்து ஏறத்தாழ 700 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உங்கள் மகன் ஆடும்போது ஒரு கணம் வெறித்துப் பார்த்து நின்றாலோ, கை வெட்டி இழுத்தாலோ அதைக் குமட்டலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். வியூ பாபிங்கை அணைத்து, விசிறியை முகத்துக்குத் திருப்பி, மௌஸை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் எஃப் 5 பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள், கேமரா உங்கள் கண் குழியிலிருந்து வெளியே வந்து ஆளின் முதுகுக்குப் பின்னால் நிற்கும், ஃபுட்பாலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடும். அப்படி ஆடுவது கட்டடம் கட்ட வசதிப்படாது என்று மகன் சிரிப்பான். முதல் வாரம் கட்டடத்தை அவன் கட்டட்டும், நீங்கள் ஆடு மேய்த்துக்கொண்டிருங்கள்.